முப்பத்தொண்ணாம் வருஷத்து டீமில் என் வீட்டுக்காரர்

ஜன்னல் ஓரம் நான் உட்கார்ந்துக்கிடட்டுமாம்மா? நீங்க தூத்துக்குடிவரைக்கும்தானே? அப்ப நல்லதாப் போச்சு. நடுவில் எழுந்து வழிவிடுற தொந்தரவு இருக்காது. பெரிய பெட்டியைக் கண்டக்டர் தம்பி டிக்கியில் போட்டுட்டார். இந்தக் கைப்பை மட்டும் என் மடியிலேயே இருக்கட்டும்.

அந்தத் திரையை இழுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வெயில் மேலே படட்டும். எட்டு மாசம் ஆச்சு இப்படி வெயில் பட்டு.

அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்து வர்றேன். காலையில்தான் மதுரையில் இறங்கினேன். கூட்டிட்டுப் போக ஆள் வரலையான்னுதானே பார்க்குறீங்க? மகள் ஜெசிந்தா பாளையங்கோட்டையில் இருக்கா. கார் இருக்கு, மருமகனும் தங்கமான பையன். வந்திருப்பாங்க. நான்தான் வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன். இன்னைக்குப் புதன்.

பொய்தான். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கிடுவேன். ஆனா அவ வந்தா நேரே பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. "தனியா அந்த வீட்டுல கிடந்து என்ன செய்யப் போறீங்க"ம்பா. அவளுக்கு ரெண்டு பிள்ளைகள், இப்ப பள்ளிக்கூட லீவு வேற. போனா நான் எப்ப என் வீட்டுக்கு வர? ஜூன் ஒன்பதாம் தேதி என் வீட்டுக்காரருக்கு ரெண்டாம் வருஷப் பூசை. அதுக்கு வீட்டைத் திறந்து, கூட்டி, சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும் இல்லையா? அதுக்குத்தான் போறேன். வேற ஒண்ணுமில்லை.

என் பேர் தஸ்நேவிஸ்மேரி. பனிமய மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்துதான். எட்டாம் வகுப்புவரைக்கும் கன்னியாஸ்திரீகளிடம் படிச்சேன். அறுபத்து மூணு வருஷமா பனிமய மாதாவே, பனிமய மாதாவே என்று கும்பிட்டவள், பனி எப்படி இருக்கும்னு அங்கே போய்த்தான் பார்த்தேன். முதல் நாள் ஸ்தோத்திரம் சொன்னேன். பத்தாம் நாள், மாதாவே, இதில் நீ எப்படி நின்னே என்று கேட்டேன்.

மகன் பேர் கிளிட்டஸ். ஒஹாயோன்னு ஒரு இடம். மருமகள் டெல்பின், நாகர்கோவில் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவ பிரசவத்துக்குத்தான் செப்டம்பரில் போனேன். பேரன் பிறந்தான். நல்ல நிறம், நல்ல தொண்டை. மூணாவது மாடி வீடு. கதவைத் திறந்தா ஒரு நடை, நடை முடிஞ்சா இன்னொரு கதவு, அதுக்கு நம்பர் அமுக்கணும். அந்த நம்பரைச் சொல்லு தம்பின்னேன். "உனக்கு எதுக்கும்மா, வெளியே எல்லாம் வழுக்கும்"ன்னான். பாஸ்போர்ட் எங்கேன்னு கேட்டேன். "என் டிராயர்ல பத்திரமா இருக்கும்மா"ன்னான். சரிப்பான்னேன். அன்பான பிள்ளைம்மா. ஒரு நாள் குரலை உயர்த்திப் பேசினது கிடையாது. குடி கிடையாது. பெண்டாட்டிக்குக் காபி போட்டுக் கொடுப்பான். அவன் அப்பாவும் நல்ல மனுஷன்தான். துறைமுகத்தில் சரக்கு தூக்குற விஞ்ச் ஓட்டினார். ஒரு நாள் லீவு போட மாட்டார். கை கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

ஆறு மாசத்தில் திரும்புறதா பேச்சு. ஜனவரியில் ஒரு நாள் நான் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன், கிளிட்டஸ் வந்து, "அம்மா, உனக்கு இன்னும் ஆறு மாசம் நீட்டி எழுதிப் போட்டிருக்கேன், டிக்கெட்டையும் தள்ளிவிட்டாச்சு"ன்னான். நான் சரிப்பான்னேன். வேற என்ன சொல்ல? நாற்பது வருஷமா எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். அது வாயில் இருந்தா வீடு அமைதியா இருக்கும்.

இந்த பாதாமை எடுத்துக்கோங்க. எடுத்துக்கோங்கம்மா, பை நிறைய மருமகள் திணிச்சு விட்டிருக்கா.

உங்களுக்கு பேஸ்பால் தெரியுமா? கிரிக்கெட் மாதிரிதான், மட்டை மட்டும் உலக்கை மாதிரி உருண்டையா இருக்கும். அதை டிவியில் பொத்தானை அமுக்கி ஆடுற கேம் ஒண்ணு இருக்கு. கம்பெனிக்காரன் இப்ப ஆடுற ஆட்களை மட்டும்தான் அதில் போட்டு விக்கிறான். ஆனா அந்தக் காலத்து ஆட்களை வச்சு ஆடணும்னு ஆசைப்படுற கூட்டம் ஒண்ணு இருக்கு. அவங்களுக்காக என் மகனைப் போல ஒரு பத்துப் பேர் உட்கார்ந்து பழைய வருஷத்து டீம்களை அப்படியே உள்ளே உண்டாக்குறாங்க. ரோஸ்டர்னு பேர். ஆட்டக்காரங்க பட்டியல். ஒவ்வொருத்தனுக்கும் பேர், உயரம், எந்தக் கையால் அடிப்பான், எந்தக் கையால் எறிவான், மூஞ்சி, மீசை, அப்புறம் ஓட்டத்துக்கு எத்தனை மார்க், எறிக்கு எத்தனை மார்க், எல்லாம் தொண்ணூற்றொன்பதுக்கு. ஆபீஸ் வேலை முடிஞ்சா சாயங்காலம் நாலு மணியில் இருந்து இதுதான் கிளிட்டஸுக்கு. பைசா வராது. ஆனா அந்தக் கூட்டத்தில் அவன் போட்ட பட்டியல்னா வேதவாக்கு.

அவன் எடுத்திருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு. பதினாறு டீம், டீமுக்கு இருபத்தஞ்சு பேர். சில டீம்காரங்க சட்டையில் அப்ப நம்பரே கிடையாதாம். கேம் நம்பர் இல்லாமல் விடமாட்டேங்குது. அதுக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை அவனுக்கு. "ஏதாவது ஒண்ணைப் போட்டுட்டுப் போயேம்ப்பா, யார் பார்க்கப் போறா"ன்னேன். "அப்படிச் சொல்லாதம்மா. நடந்தது நடந்தபடி போடணும். இல்லேன்னா எதுக்கு இது?"ன்னான். 

நடந்தது நடந்தபடி. இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

அவன்கிட்டே பைபிள் கனத்துக்கு ஒரு புத்தகம். எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டுறதுக்குள் அவன் கழுத்து ஒடிஞ்சு போகும். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிச்சுக் கொடுப்பேன். இங்கிலீஷ் எழுத்து தெரியும்லா. பேர், பிறந்த வருஷம், அடி வலது, எறி இடது, இப்படி. நான் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல அவன் "ம்"ங்கிறான். நான் சொல்ல, அவன் "ம்". கோயிலில் பிரார்த்தனை சொல்ற மாதிரியே இருந்தது. உண்மையைச் சொல்லணும்னா அந்த வீட்டில் எனக்குப் பிடிச்ச நேரம் அதுதான். அப்பவாவது ஒரு ஆள் என் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

ஒரு நாள் அவன் காட்டின படங்களைப் பார்த்துக் கேட்டேன், "ஏம்ப்பா, எல்லாரும் வெள்ளைக்காரனாவே இருக்கான்? கறுத்தவங்க யாரும் விளையாட மாட்டாங்களா?"

"விளையாடினாங்கம்மா. இவங்களைவிட நல்லா விளையாடினவங்க உண்டு. சேர்க்க மாட்டாங்க. அவங்களுக்குத் தனி டீம்தான். அடுத்து அதைத்தான் செய்யப் போறேன்."

"அப்ப இந்தப் பட்டியல்?"

"அந்த வருஷம் இப்படித்தான் இருந்தது. அதனால இப்படித்தான் போடணும்."

சரிப்பான்னேன். ஆனா மனசுக்குள் ஒரு முள் கிடந்தது. திறமை உள்ளவன் பட்டியலில் இல்லை, அதுதான் சரியான பட்டியல்ங்கிறான்.

அக்டோபர் கடைசியில் அவனுக்கு ஆபீஸ் வேலை கூடிப் போச்சு. பகலெல்லாம் அறையைச் சாத்திக்கிட்டு மீட்டிங். எனக்கு எந்தப் பொத்தானை அமுக்கினா என்னன்னு கத்துக் கொடுத்து, சின்னச் சின்ன ஆட்களை எல்லாம் என்னையே போடச் சொல்லிட்டான். பிள்ளை தூங்குற நேரத்தில் நான் மேஜையில் உட்கார்ந்து பத்துப் பேர், பன்னிரண்டு பேர் போடுவேன். ஒரு பிழை வராது. அவனே சொன்னான், "அம்மா, நீ வேலைக்குப் போயிருந்தா எங்கேயோ போயிருப்ப"ன்னு. போயிருக்கலாம்தான். தையல் டீச்சர் வேலை ஒண்ணு வந்தது கல்யாணமான புதுசில். இவர் வேண்டாம்னுட்டார். அதுவும் அன்பில்தான்.

அப்புறம் நவம்பர் வந்தது. நீங்க எங்க வேதமா? இல்லையா, பரவாயில்லை, சொல்றேன். நவம்பர் எங்களுக்கு மரிச்சவங்க மாசம். வீட்டில் செத்தவங்க பேரையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்போம். சாமியார் பூசையில் ஒவ்வொரு பேரா வாசிப்பார். பேர் வாசிச்சா அந்த ஆத்துமாவுக்கு அன்னைக்கு ஒரு இளைப்பாறுதல். வாசிக்கிறதுக்கு ஆள் இல்லாத ஆத்துமா வாசலிலேயே நிக்கும்னு என் அம்மா சொல்லுவா. அங்கே கோயில் பன்னிரண்டு மைல். டெல்பினுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. கிளிட்டஸ் கோயிலுக்குப் போறதை நிறுத்தி வருஷம் எத்தனையோ ஆச்சு, ஏன்னு நான் கேட்டதில்லை. ஜெசிந்தா அப்பா பேரை எழுதிக் கொடுக்க மாட்டா, நானும் கேட்கலை. ஆக, அந்த வருஷம் என் வீட்டுக்காரர் பேரை வாசிக்க உலகத்தில் ஆள் கிடையாது. ரெமிஜியூஸ்னு அவர் பேர்.

நான் மேஜையில் உட்கார்ந்திருக்கேன். முன்னால் அந்தப் புத்தகம். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் செத்த தேதி போட்டிருக்கு. அப்பத்தான் எனக்கு உறைச்சது. இவ்வளவு நாள் நான் வாசிச்சது பூராவும் மரிச்சவங்க பட்டியல். நானூறு பேர். அன்னையில் இருந்து ஒவ்வொருத்தனைப் போட்டு முடிச்சதும் "நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தாரும் ஆண்டவரே"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன். யார் பெத்த பிள்ளைகளோ. சொல்றதில் என்ன குறைஞ்சு போகுது?

எட்டாம் தேதி ஒரு டீமில் இருபத்துநாலு பேர்தான் வந்தது. ஒரு இடம் காலி.

ஆமாம்மா. போட்டேன். பேரை எழுதினேன். இடம் கேட்டது, வலது பக்கம் கடைசியில் நிக்கிற ஆள்னு போட்டேன். கூட்டத்தோட சேராமல் தள்ளி நிக்கிறவர் அவர். மூஞ்சி இருநூறு இருந்தது, ஒண்ணும் அவர் சாடை இல்லை. மீசை மட்டும் கிடைச்சது. நிறத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

அப்புறம் மார்க் கேட்டது.

நான் பொய்யா கூட்டிப் போடலை. நடந்தது நடந்தபடின்னு மகன் சொல்லியிருக்கான் இல்லையா. எறியும் வேகம், தொண்ணூற்றேழு. அதில் யாரும் மறுத்துப் பேச முடியாது. எங்க வீட்டில் பீங்கான் தங்காது. கல்யாணத்துக்கு வந்த கோப்பை, தட்டு எல்லாம் முதல் வருஷமே முடிஞ்சது. அப்புறம் எவர்சில்வர்தான், அதிலும் நெளியாத தட்டு ஒண்ணு கிடையாது. எறியுற குறிக்கு எத்தனைன்னு கேட்டது. யோசிச்சேன். குடிக்காத நாளில் தொண்ணூறு, குடிச்ச நாளில் நாற்பது. நடுவில் அறுபத்தஞ்சுன்னு போட்டேன். ஓட்டம், இருபது. அவர் எங்கே ஓடினார், ஓடினது நாங்கதானே. பந்து பிடிக்கிறது, பதினொண்ணு. உடம்பு தாங்குறது, தொண்ணூற்றொன்பது. காய்ச்சல்னு படுத்ததே இல்லை. அடிக்கிற பலத்துக்கு வலது கைக்குத் தனி, இடது கைக்குத் தனின்னு ரெண்டு கேட்டது. அதை நான் தொடலை. அது என்ன போட்டிருந்ததோ அப்படியே விட்டுட்டேன். 

பொறுமைன்னு ஒண்ணு இருந்தது. சைபர் போடப் பார்த்தேன். ஏழுக்குக் கீழே இறங்க மாட்டேன்னுட்டுது. பாருங்க, எந்திரத்துக்குக்கூட இரக்கம் இருக்கு.

போட்டு முடிச்சு, நித்திய இளைப்பாற்றி சொல்லிட்டு, மூடிட்டேன். பிள்ளை அழுதுட்டான். அப்புறம் மறந்தே போச்சு. இல்லை, மறக்கலை. எப்படி எடுக்கிறதுன்னு தெரியலை. எடுக்கச் சொல்லிக் கேட்டா ஏன்னு கேட்பானே.

இது என்ன ஊரு, அருப்புக்கோட்டையா? வெயிலைப் பாருங்க. அடிக்கட்டும்.

பிப்ரவரியில் பட்டியலை வெளியே விட்டான். ஆயிரக்கணக்கான பேர் எடுத்து ஆடுறாங்களாம். எனக்கும் பெருமையாத்தான் இருந்தது. மார்ச் மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், டெல்பின் டியூட்டிக்குப் போயிருக்கா, நான் பருப்பை அடுப்பில் வச்சிருக்கேன். "அம்மா, இங்க கொஞ்சம் வாங்க"ன்னு கூப்பிட்டான். வாங்கன்னான் பாருங்க. எப்பவும் நீ, வா, போன்னுதான் பேசுவான்.

விஷயம் என்னன்னா, அந்தக் கூட்டத்தில் வால்ட்டர்னு ஒரு பெரியவர். எண்பது வயசு. எல்லார் பட்டியலையும் சரிபார்க்கிறவர். அவர் கடுதாசி எழுதியிருக்கார். கிளிட்டஸ் அதைத் தமிழில் சொன்னான். "தம்பி, உன் டீமில் வலது பக்கம் ரெமிஜியூஸ்னு ஒருத்தரைப் பார்த்தேன். இப்படி ஒரு எறியை என் ஆயுசில் பார்த்ததில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்து எறிஞ்சு ஆளைக் காலி பண்ணுறார். இங்கே எல்லாரும் அவரைப் பற்றித்தான் பேச்சு. நிறத்தைப் பார்த்தா கறுத்தவர். அந்த வருஷத்தில் தடையை மீறி ஒருத்தர் உள்ளே போயிருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. நீ தப்பு பண்ற ஆள் கிடையாது, அதனால் நான்தான் எங்கேயோ விட்டுட்டேன்னு மூணு வாரமா நூலகத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டுறேன். எனக்கு அகப்படலை. என் அறியாமையை மன்னிச்சு, இவர் யாருன்னு சொல்லணும்."

மூணு வாரம்! எண்பது வயசு மனுஷன்! என்னால் ஒரு பெரியவர் தூசியில் உட்கார்ந்து... மாதாவே. இதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணும்.

"இது நீதானே போட்ட?"ன்னான்.

"நவம்பர் மாசம்ப்பா. அவர் பேரை வாசிக்க ஆள் இல்லை. ஒரு இடம் காலியா இருந்தது..."

"அந்த இடம் காலி இல்லம்மா. அங்க வரவேண்டிய ஆளைப் பத்தி எனக்குச் சந்தேகம் இருந்தது, பார்த்துட்டுப் போடலாம்னு விட்டிருந்தேன், அப்புறம் வேலையில மறந்து போச்சு." தலையில் கை வச்சுக்கிட்டான். "என்னை நம்பி ஒரு கூட்டமே இருக்கும்மா. நாலு வருஷமா ஒரு பிழை கிடையாது. இப்ப நான் என்ன சொல்லுவேன்? எங்கப்பான்னு சொல்லவா?"

திட்டியிருந்தால் தேவலாம். திட்டலை. திரையைப் பார்த்தான். அதில் இவர் தொப்பி போட்டுக்கிட்டு, மீசையோட, கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறார். பக்கத்தில் நான் போட்ட மார்க் வரிசையா. அதை இவன் அதுவரைக்கும் நின்னு பார்க்கலை போல. ஒவ்வொண்ணா வாசிச்சான். வாசிக்கையில் அவன் வாய் மட்டும் அசையுது. ஏழு வந்ததும் லேசாச் சிரிச்சான். அப்புறம் மேலே போய் ஒரு இடத்தில் நின்னுட்டான்.

"குறி அறுபத்தஞ்சாம்மா?"

அவன் கை இடது காதுக்குப் பின்னால் போச்சு. அங்கே ஒரு தழும்பு, இந்த நீளம், முடி முளைக்காது. எட்டு வயசில் சைக்கிளில் இருந்து விழுந்தது. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம். ஆஸ்பத்திரியில் சொன்னோம், ஸ்கூலில் சொன்னோம், டெல்பினுக்கும் அதுதான் தெரியும்.

"என்னைக் குறி வச்சார்னுதாம்மா இத்தனை வருஷம் நினைச்சேன்"னான்.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. நீங்க யாரோ, நான் யாரோ. அன்னைக்கு அது எனக்கு வந்தது. இட்லிப் பானை மூடி. நான் குனிஞ்சுட்டேன். அவன் எனக்குப் பின்னால் நின்னதை நான் பார்க்கலை. முப்பது வருஷமா ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் சாமியார்கிட்ட சொல்லியிருக்கேன், "நான் குனிஞ்சுட்டேன் சாமி"ன்னு. எத்தனையோ சாமியார் மாறியாச்சு. எல்லாரும் மன்னிச்சாச்சு. பிள்ளைகிட்ட மட்டும் சொன்னதில்லை.

"உனக்கு இல்லப்பா. எனக்கு. நான்தான் குனிஞ்சுட்டேன்"னேன். சொல்லிட்டேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழியிற சத்தம் கேட்குது, என்னால் போக முடியலை.

அவன் நாற்காலியோட திரும்பி என்னைப் பார்த்தான். "குனியாம பின்ன என்ன செய்வ? நீ குனிஞ்சது சரிதாம்மா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். எழுந்து போய் அடுப்பை அணைச்சுட்டு வந்தான்.

அப்பத்தாம்மா என் வாயில் இருந்து அது வந்தது. நான் நினைச்சு வச்சிருக்கலை. "எனக்கு வீட்டுக்குப் போகணும் தம்பி"ன்னேன்.

"எந்த வீட்டுக்கு? அந்த வீட்டுக்கா?" அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "அங்க போய் என்னம்மா செய்யப் போற? நாங்க உன்னை அங்கிருந்து கூட்டிட்டு வந்ததே பெரிய பாடு. அந்தச் சுவர், அந்த அடுப்படி... அங்க யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்லப்பா"ன்னேன். "இப்ப அங்க யாரும் இல்ல."

அவன் டிராயரைத் திறந்தான். பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தான். ஏன் அப்படி உடனே கொடுத்தான்னு எனக்கு இன்னைவரைக்கும் விளங்கலை. நான் சொன்னதில் என்ன இருக்கு? யாரும் இல்லாத வீடு, பூட்டிக் கிடந்தா கரையான் பிடிக்கும், அதுக்குத்தானே சொன்னேன்.

அவர் போன பிறகு பதினாலு மாசம் நான் அங்கே தனியா இருந்தேன். ஜெசிந்தா பயந்தா, அம்மாவுக்குத் தூக்கம் வராதேன்னு. எனக்கு என்னடான்னா படுத்தா ஏழு மணிக்குத்தான் முழிப்பு. வயசாகிட்டு இல்லையா. குழம்பில் உப்புப் போடும்போது கை நடுங்குறது நின்னு போச்சு. மருந்து எதுவும் சாப்பிடலை, தானாவே நின்னுட்டுது. ஒரு பீங்கான் கோப்பை வாங்கினேன், நீலப் பூப் போட்டது. பதினாலு மாசம் அதில்தான் தேயிலை குடிச்சேன். ஒரு கீறல் இல்லை. போகும்போது கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போனேன்.

வால்ட்டர் பெரியவருக்கு என்ன எழுதினான்னு எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் எழுதினான். மறுநாள் அவர்கிட்ட இருந்து ரெண்டே வரி. "உன் அம்மாவுக்கு என் வணக்கம். வலது பக்கத்துக்கு நான் வேற ஆளைப் போட்டுக்கிட்டேன்." பெரிய மனுஷன். அவர் செத்தா அவருக்கும் நான் இளைப்பாற்றி சொல்லுவேன். ஆனா எண்பது வயசு, என்னைவிட நல்லா இருக்கார் போல.

ஊருக்கு விட்ட பட்டியலில் இருந்து இவரை எடுத்தாச்சு. தப்புன்னு தன் பேரிலேயே எல்லாருக்கும் எழுதிட்டான். வீட்டில் உள்ளதிலும் எடுக்கப் போனான். நான்தான், "இருக்கட்டும்ப்பா, பேரை அழிக்காதே, ஆத்துமா இல்லையா"ன்னேன். யோசிச்சுட்டு, "சரிம்மா, காயம்பட்டவங்க பட்டியலில் போட்டுடுறேன். பேர் இருக்கும், ஆட வர முடியாது"ன்னான்.

காயம்பட்டவங்க பட்டியலில் இவரா? எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. அவனுக்கும்தான். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில் பிள்ளை முழிச்சுக்கிட்டான். டெல்பின் வந்து, "என்ன அத்தை, என்ன விசேஷம்?"ங்கிறா. அன்னைக்குத்தான் கிளிட்டஸ் அவகிட்ட சைக்கிள் கதையை மாத்திச் சொன்னான். நான் உள்ளே போயிட்டேன்.

டெல்பின் என் பெட்டி கட்டையில், "போகணும்னு முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா அத்தை"ன்னா. சொல்லியிருக்கலாம். ஆனா முன்னால யாரும் கேட்கலையே. பிள்ளையைப் பகலில் பார்த்துக்க ஒரு இடம் பிடிச்சுட்டாங்க. அவனை விட்டுட்டு வர்றதுதான் இங்கே, இந்த இடத்தில், என்னவோ பண்ணுது. ஏர்போர்ட்டில் கழுத்தில் என்னன்னு கேட்டுக் கழட்டச் சொன்னா ஒரு வெள்ளைக்காரி. உத்தரியம், மாதா படம் தைச்ச துணிமாலை, அதோட கோர்த்து ஒரு சாவி. எட்டு மாசமா அது என் நெஞ்சில்தான் கிடந்தது, கிளிட்டஸுக்கே தெரியாது. ஹவுஸ், ஹவுஸ்னேன். விட்டுட்டா.

குறுக்குச்சாலை தாண்டியாச்சா? அதான், காத்தில் உப்பு வருது பாருங்க.

என் போன்தான் அடிக்குது. இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா. ஜெசிந்தா. கிளிட்டஸ் சொல்லிட்டான் போல, நான் வர்ற தேதியை. அடிக்கட்டும்னு விட்டா அழுவா. இருங்க.

"ஆமா, நான்தான்... பஸ்ஸில்... மதுரையில் இருந்து... ஒரு புண்ணியவதி பக்கத்தில் இருக்காங்க, பயப்படாதே... இல்லம்மா. நீ பஸ் ஸ்டாண்டுக்கு வரவேண்டாம். பாளையங்கோட்டைக்கு நான் வரலை... வருவேன், பூசை முடிஞ்சு ரெண்டு நாள் வர்றேன். இப்ப இல்ல... சோறா? அரிசி இருக்கும். இல்லேன்னா ரொட்டி வாங்கிக்கிடுவேன்... கோவம் எல்லாம் இல்லட்டி... ஆமா, அந்த வீட்டுக்குத்தான். அங்க யாரும் இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போறேன்... வைக்கிறேன்."

வச்சுட்டேன். பாருங்க, சரிம்மான்னு ஒரு தடவைகூடச் சொல்லலை நான்.

பஸ் நிக்குது. கொஞ்சம் வழிவிடுறீங்களாம்மா, நான் இறங்கணும்.